இரண்டாவது பல்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மின்னோட்டவியல் பாடத்தில் தொடரிணைப்பு, பக்க இணைப்புக் கணக்குகளைச் சரியாகப் போட்டுவிடுகிறாள். ஆனால் போன வாரம் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். “தடையை இன்னொண்ணு சேர்த்தா மொத்தத் தடை எப்படிம்மா குறையும்?” “பக்க இணைப்பில மின்னோட்டம் பிரியுதுன்னா, சமையலறை லைட்டைப் போட்டதும் ஹால் லைட் மங்கணுமே, ஏன் மங்கலை?” நான் வணிகவியல் படித்தவள். புத்தகத்திலிருந்த சூத்திரத்தைக் காட்டினேன். “அது எனக்கே தெரியும்” என்று போய்விட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். விடை சரியாக வந்த பிறகும் ‘இது எப்படி?’ என்று நின்று கேட்பவர்கள் குறைவு. அவளைச் சூத்திரத்தோடு அனுப்பிவிடக் கூடாது.

இரண்டு கேள்விகளுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. பேட்டரி இவ்வளவு என்று ஒரு மின்னோட்டத்தை அனுப்புகிறது, பல்புகள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்ற எண்ணம். கல்லூரிக்குப் போன பிறகும் பலரிடம் இது அப்படியே இருக்கிறது. பேட்டரி செய்வது வேறு. தன் இரு முனைகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்தத்தை ஏறக்குறைய மாறாமல் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பது வெளியே என்ன மாட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

12 வோல்ட் பேட்டரியில் 6 ஓம் தடையுள்ள பல்பு ஒன்றை மாட்டினால் 2 ஆம்பியர் ஓடும். அதே மாதிரி இன்னொரு பல்பைப் பக்க இணைப்பில் மாட்டச் சொல்லுங்கள். அதன் இரு முனைகளும் நேராகப் பேட்டரியின் முனைகளில்தான் இருக்கின்றன. அதற்கும் 12 வோல்ட், அதற்கும் 2 ஆம்பியர். முதல் பல்புக்கு எதுவும் குறையவில்லை. பேட்டரிதான் இப்போது 4 ஆம்பியர் தருகிறது. 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் ஓடுகிறது என்றால், பேட்டரியைப் பொறுத்தவரை வெளியே இருப்பது 3 ஓம்தான். தடை குறைந்தது என்பதற்கு இதற்கு மேல் பொருள் கிடையாது. கல்யாண மண்டபத்திலிருந்து கூட்டம் வெளியேறும்போது பக்கத்தில் இன்னொரு கதவைத் திறந்துவிட்டால், அது எவ்வளவு குறுகலாக இருந்தாலும் கூட்டம் முன்னைவிட வேகமாகத்தான் கலையும். 6 ஓமுக்குப் பக்கத்தில் 1000 ஓமை மாட்டினாலும் மொத்தம் 5.96 ஓம் ஆகிறதே, அது இதனால்தான்.

அதே இரண்டு பல்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினால் அது தொடரிணைப்பு. அதில் புதுக் கதவு கிடையாது, இருக்கிற வழிதான் நீள்கிறது. மொத்தம் 12 ஓம், ஓடுவது 1 ஆம்பியர், ஆளுக்கு 6 வோல்ட். தனியாக 24 வாட்டில் எரிந்த பல்பு இப்போது 6 வாட்டில் எரிகிறது. (பல்பின் தடை சூட்டோடு மாறும், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.) முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மீதியை அடுத்ததற்கு அனுப்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டிலும் அதே 1 ஆம்பியர்தான்.

சரி, ஹால் லைட்டுக்கு வருவோம். உங்கள் மகளின் சந்தேகத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேண்டாம். தண்ணீர் மோட்டார் போடும்போது குண்டு பல்பு ஒரு கணம் மங்கிப் பிறகு சரியாவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் எல்லாமே பக்க இணைப்பில் இருந்தாலும், மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் அத்தனைக்கும் தொடரிணைப்பில் இருக்கிறது. அதற்கும் சிறிய தடை உண்டு. மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அது முழுவதும் அந்த வயர் வழியாக வருவதால் அங்கேயே சில வோல்ட் போய்விடுகிறது, பல்புக்குக் கிடைப்பது குறைகிறது. சமையலறை லைட்டும் இதையேதான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

இந்தப் பொதுக் கம்பிதான் எடிசனுக்கும் பெரிய தலைவலி. அதற்கு முன் தெருக்களில் எரிந்த வில்விளக்குகள் (இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்குகள்) பெரும்பாலும் தொடரிணைப்பில் இருந்தன. வீட்டில் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே போட்டு அணைக்க வேண்டும் என்றால் பக்க இணைப்புதான் சரி. ஆனால் அப்போது எல்லா விளக்குகளின் மின்னோட்டமும் பொதுக் கம்பியில் கூடிவிடும், தாமிரம் ஏராளமாகத் தேவைப்படும். அதனால் அவர் தடை அதிகமுள்ள இழையைத் தேடினார். தடை கூடினால் விளக்கு இழுக்கும் மின்னோட்டம் குறையும், கம்பியும் மெலிதாக இருந்தால் போதும். 1882-இல் நியூயார்க்கில் அவர் அமைத்த பேர்ல் தெரு மின் நிலையத்திலிருந்து விளக்குகள் எரிந்தது இந்த ஏற்பாட்டில்தான்.

அப்புறம், அவள் கையால் ஒன்றைச் செய்து பார்க்கட்டும். மூன்று பேட்டரி கட்டைகள், இழை உள்ள ஒரே மாதிரியான மூன்று டார்ச் பல்புகள், கொஞ்சம் வயர் போதும். எல்.இ.டி. வேண்டாம். வீட்டு பிளக் பக்கம் போகவே கூடாது. இரண்டு பல்புகளைப் பக்க இணைப்பில் கட்டி, அந்த ஜோடியோடு மூன்றாவதைத் தொடராக இணைக்க வேண்டும். ஜோடியில் ஒன்றைக் கழற்றினால் மற்ற இரண்டும் என்ன ஆகும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பங்கு போடும் கணக்குப்படி, ஜோடியில் மிஞ்சியதற்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் கிடைக்க வேண்டும், மூன்றாவது பல்பு அப்படியே எரிய வேண்டும். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது மங்கும், மிஞ்சியது பிரகாசமாகும். பல்பின் தடை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒன்றில் மின்னோட்டம் முக்கால் பங்காகக் குறைகிறது, மற்றதில் ஒன்றரை மடங்காகக் கூடுகிறது. இந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்று அவளே கண்டுபிடித்து எனக்கு எழுதட்டும்.