பௌர்ணமியில் பாலி போகலாமா?

கேள்வி: மகளும் மருமகனும் பிள்ளைகளோடு பாலித் தீவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். போய் இறங்குவது பௌர்ணமியன்று. சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் அன்று எரிமலை வெடிக்கும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். டூர் ஏஜெண்டோ, "தேதியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தனியாக எரிமலை இன்சூரன்ஸ் எடுங்கள்" என்கிறார். என்ன செய்ய? – வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தேதியை மாற்ற வேண்டாம் அம்மா.

இழுப்பது உண்மைதான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏற்றம் கூடும் என்பது உவரிக்காரர்களுக்குத் தெரியும். கடல் மட்டுமல்ல, காலடிப் பாறையும் நாளுக்கு இரண்டு தடவை ஒரு சாண் அளவுக்கு ஏறி இறங்குகிறது. அதில் சூரியனின் பங்கு சந்திரனுடையதில் பாதிகூட இல்லை. இரண்டும் சேர்ந்து இழுத்தாலும் பாறைக்குள் உண்டாகும் அழுத்தம், முழங்காலளவு தண்ணீர் தருவதற்கு மேல் போகாது. நிறைமாசக்காரிக்கு அமாவாசையில் வலி எடுக்கும் என்பார்கள். மூன்றாம் மாதத்தில் எடுக்குமா? எரிமலையும் அப்படித்தான்.

இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரல் 10-ல் வெடித்தது அமாவாசையை ஒட்டி. வீடியோக்காரர்கள் இதைச் சொல்வார்கள். 1883 ஆகஸ்ட் 27-ல் அதே நாட்டின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதைச் சொல்ல மாட்டார்கள். பாலியிலேயே 2017 நவம்பர் கடைசியில் அகுங் எரிமலை சாம்பல் கக்கி விமான நிலையத்தை மூட வைத்தது வளர்பிறை அஷ்டமி, நவமி சமயம். இழுவிசை குறைவாக இருக்கும் நாட்கள் அவை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். நியூசிலாந்தின் ருவாபெஹு எரிமலை 2007 செப்டம்பர் 25-ல் முன்னறிவிப்பில்லாமல் வெடித்தது. சுமார் 12 ஆண்டுப் பதிவுகளைப் பின்னால் புரட்டியபோது, வெடிப்புக்கு முந்தைய மூன்று மாதம் மட்டும் மலையின் மெல்லிய அதிர்வு, அமாவாசை பௌர்ணமிக் கணக்கில் கூடிக் குறைந்தது தெரிந்தது. வாய் அடைபட்டு அடியில் வாயு திரண்டு நின்றதால், சின்ன இழுப்புகூட அதிர்வில் தெரிந்திருக்கிறது. அதாவது, மலை ஏற்கெனவே தயாராக இருந்தது. சந்திரன் அதைத் தயாராக்கவில்லை. வெடித்த பிறகு கண்டுபிடித்ததை வைத்து அடுத்த பௌர்ணமிக்கு யாரும் நாள் குறிக்க முடியாது. குறிக்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இனி ஏஜெண்ட் விஷயம். எரிமலை எச்சரிக்கை வந்தபிறகு எடுக்கும் பாலிசி, பெரும்பாலும் அந்த எரிமலைக்குப் பணம் தராது. 'முன்பே தெரிந்த நிகழ்வு' என்று கைவிரித்துவிடுவார்கள். அதனால் பயண இன்சூரன்ஸை டிக்கெட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும். இன்னும் எடுக்கவில்லையென்றால் இன்றே எடுங்கள். சாம்பலால் விமானம் ரத்தானால் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். இந்த விதியைக் கடுகளவு ஆங்கில எழுத்தில் அச்சடித்து, கல்லிடைக்குறிச்சியில் இருக்கிற ஒரு அம்மாவிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். தமிழில் ஒரு பக்கம் அடித்துக் கொடுக்க என்ன கேடு? தேதி மாற்றக் கேட்கும் பணத்திலும் விமானக் கம்பெனிக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று ஏஜெண்ட் பிரித்து எழுதித் தரட்டும்.

பார்க்க வேண்டியது பஞ்சாங்கத்தை அல்ல. இந்தோனேசிய அரசு ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு எச்சரிக்கை நிலை வைத்திருக்கிறது: முதல் நிலை இயல்பு, நான்காவது உச்ச ஆபத்து. 'மேக்மா இந்தோனேசியா' தளத்தில் போடுகிறார்கள். இரண்டாம் நிலைதானே என்று அசட்டையாக இருப்பதுதான் ஆபத்து. சுமத்ராவின் மராப்பி அந்த நிலையில் இருந்தபோதுதான், 2023 டிசம்பர் 3-ல், மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று பௌர்ணமியும் இல்லை, அமாவாசையும் இல்லை.

உங்கள் மகளின் பட்டியலில் பாலியின் பத்தூர் எரிமலையில் மலையேற்றம் இருந்தால், முந்தின இரவு அதன் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நிலையைத் தாண்டியிருந்தால், வழிகாட்டி என்ன சொன்னாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேற வேண்டாம்.