ஓஆர்பி சாயங்காலம் கம்மியா காட்டுனா குளம் கெட்டுப்போச்சா?

வேதாரண்யம் பக்கத்துல வனாமி எறால் குளம் வச்சிருக்குற ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. புதுசா ஓஆர்பி (தண்ணியோட ஆக்சிடைஸ் பண்ற சக்திய மில்லிவோல்ட்ல காட்டுற அளவு) பேனா மீட்டர் வாங்கியிருக்கேன், காலைல 210 மில்லிவோல்ட், சாயங்காலம் 145 காட்டுது, பிஎச் காலைல 7.8, சாயங்காலம் 8.9, மருந்துக்கடைல 250க்கு கீழ போனா ஆபத்து உடனே ஆக்சிடைசர் டேப்லெட் போடுங்கன்றாங்க, போடலாமான்னு.

அண்ணே, இதுக்காக டேப்லெட் வாங்காதீங்க. பிஎச் ஒரு பாயின்ட் ஏறுனா ஓஆர்பி கணக்குப்படி 59 மில்லிவோல்ட் கிட்ட இறங்கும், உங்களுக்கு 1.1 ஏறியிருக்கு, அப்போ ஒரு 65 இறங்கணும், சரியா அதுதான் இறங்கியிருக்கு. எல்லா நாளும் கணக்கு இப்படி ஒத்துப்போகாது, ஆனா காரணம் இதுதான். வெயில்ல பாசி கார்பன் டை ஆக்சைடை இழுக்குது, பிஎச் ஏறுது, டிஓ-வும் (தண்ணில கரைஞ்ச ஆக்சிஜன்) அந்த நேரம்தான் நல்லா இருக்கும், நம்பர் மட்டும் கம்மியா தெரியும். அதனால ஓஆர்பி எழுதுறப்ப பக்கத்துலயே பிஎச், டைம் ரெண்டையும் எழுதுங்க, தினமும் ஒரே நேரம் ஒரே இடம்.

டிஓ மீட்டருக்குப் பதிலா இத நம்பிடாதீங்க, இது ரொம்ப முக்கியம். தண்ணில ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தாலே ஓஆர்பி பாசிட்டிவ்ல தைரியமா நிக்கும், ஆனா அந்த அளவுல எறால் தாங்காது.

இந்த மீட்டரோட அருமை அடிமண்ணுலதான் தெரியும். எறால் திங்கறது கெடக்குறது எல்லாம் அடிலதானே, அங்க ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதிலா நைட்ரேட்டுக்குப் போகும், அப்புறம் மாங்கனீசு, இரும்பு, கடைசியா சல்பேட்டுல கைய வைக்கும், உப்புத்தண்ணில சல்பேட்டுக்கு பஞ்சமே இல்ல, அப்பதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், மண்ணு கருத்து அழுகுன முட்டை வாடை அடிக்கும். விடியக்காலைல பிஎச் இறங்குறப்ப அதோட விஷம் இன்னும் கூடும்.

ஏரியேட்டர் சுத்தி கசடு ஒதுங்குற நடு இடம், தீவனம் விழுற இடம், ரெண்டுலயும் பிவிசி பைப்ப இறக்கி மண்ண கலங்காம எடுத்து, காத்து படறதுக்குள்ள ப்ரோப்ப சொருகி, நம்பர் நிக்கிற வரைக்கும் பத்து நிமிஷமாவது காத்திருங்க. அடிமண்ணு ரெடாக்ஸ் (ஓஆர்பியோட இன்னொரு பேரு) மைனஸ் 200க்கு கீழ போகக்கூடாதுன்னு சொல்றது ஈஎச் கணக்கு, அதாவது ஹைட்ரஜன் எலக்ட்ரோட வச்சு பாக்குற நம்பர், உங்க பேனாவுல வேற எலக்ட்ரோடு இருக்கறதால உங்க பேனா காட்டுறதுல சுமாரா 200 கூட்டுனாதான் ஈஎச் வரும். அதனால ஒரு நாள் நம்பரப் பாத்து பயப்படாதீங்க, வாரா வாரம் ஒரே இடத்துல இறங்கிக்கிட்டே போகுதான்னு பாருங்க.

இறங்கினா மொதல்ல தீவனத்த குறைங்க, எறால் தின்னுச்சான்னு பாக்க தீவனம் வச்சு இறக்குற செக் ட்ரேல மிச்சம் நிக்குதான்னு பாருங்க, நைட்டு ஏரியேட்டர் நிறுத்தாதீங்க, நடுவுல கசடு எடுக்க வழி இருந்தா சைஃபன் போடுங்க. ஏற்கனவே கருத்துப்போன அடில மண்ண கிளறி விட ஒரேயடியா சங்கிலி இழுத்துடாதீங்க, அடைஞ்சு கெடக்குற விஷமெல்லாம் தண்ணில ஏறிடும். கடைல சொன்ன டேப்லெட் போட்டா நம்பர் கொஞ்ச நேரம் ஏறலாம், ஏன்னா ஆக்சிடைசரத்தான் மீட்டர் பாக்குது, கசடு அப்படியே கெடக்கும்.

கருப்பு மண்ணுல வச்ச ப்ரோப்போட பிளாட்டினம் முனைல சல்ஃபைடு ஒட்டிக்கும், அடுத்த ரீடிங் தப்பா வரும், அதனால ஒவ்வொரு தடவையும் கழுவி, மாசம் ஒருக்கா ஓஆர்பி ஸ்டாண்டர்ட் கரைசல்ல செக் பண்ணிட்டு, பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல போட்டு வைங்க, டிஸ்டில்டு வாட்டர்ல வேண்டாம்.