பூக்கள் தீர்ந்தபோது

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு, 1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை என் பதினோரு வயது மகளோடு பார்த்தேன். மெதுவாகப் போனதால் பாதிக்குமேல் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டோம். எனக்குப் பயமே வரவில்லை. ஏரிக்கரைக் காட்சியில் மகள் மட்டும் அழுதுவிட்டாள். அமெரிக்காவில் எழுபது வயதுக்காரர்கள்கூட இந்தப் பழைய பூதப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களே, அது சின்ன வயசு ஏக்கம் மட்டும்தானா? வண்ணம் சேர்த்தால் இளைஞர்களும் பார்ப்பார்களா? அடுத்து பார்க்கப் பத்துப் படங்கள் சொல்லுங்களேன்.

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

மகள் அழுதாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். அவள் அழுதது அந்தச் சிறுமிக்காகவா, பிண உறுப்புகளைச் சேர்த்து விஞ்ஞானி உயிர் கொடுத்த அந்தப் பூதத்துக்காகவா, அவனுக்காகவா என்று கேட்டீர்களா? கேட்டு எழுதுங்கள்.

வண்ணம் வேண்டாம். ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் தினமும் நான்கு மணி நேரம் உட்கார்ந்து, பூதமாக நடித்த கார்லாஃபின் முகத்தில் பூசிய பச்சைப் பூச்சே, கறுப்பு வெள்ளையில் பிணத்தின் சாம்பல் நிறமாக விழ வேண்டும் என்பதற்காகத்தான். பத்துப் படமும் வேண்டாம். ‘கிங் காங்’ (1933), ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ (1935), ஜப்பான் மூலத்தில் ‘காட்ஸில்லா’ (1954). மூன்றையும் ஒழுங்காகப் பாருங்கள், போதும்.

ஒழுங்காக என்று ஏன் சொல்கிறேன் என்றால், வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன் என்று எழுத உங்களுக்குக் கூச்சமே இல்லை. அந்தப் படத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் எழுத்து ஓடும்போது தவிர பின்னணி இசையே கிடையாது. அவன் முதன்முதலில் வாசலில் தோன்றும்போது முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக வருகிறான், மெல்லத் திரும்புகிறான். இயக்குநர் ஜேம்ஸ் வேல் அந்த முகத்தை நமக்கு இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே கொண்டுவந்து நிறுத்துகிறார். ஒரு சத்தமும் இல்லை. அதை ஓட்டிவிட்டு, பயம் வரவில்லை என்று என்னிடம் புகார் சொல்கிறீர்கள். சமைக்க விடாமல் அடுப்பை அணைத்துவிட்டு, சோறு வேகவில்லை என்பது போல இருக்கிறது.

ஏக்கமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் ஏக்கம்தான். 1957இல், இந்தப் படத்தை எடுத்த யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்களை, ஐம்பத்திரண்டு படங்கள் கொண்ட ஒரு தொகுப்பாக அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றார்கள். ராத்திரி தூங்காமல் அதைப் பார்த்த பிள்ளைகள்தான் இன்றைய கிழவர்கள். ஆனால் அவர்கள் திரும்பிப் போவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது என்று நான் ரொம்ப நாளாக நினைக்கிறேன். அவர்கள் அன்று பார்த்தது முழுப் படம் அல்ல.

அந்த ஏரிக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா வேலைக்குக் கிளம்பிவிட்டார். சிறுமி மரியா பூனைக்குட்டியோடு தனியாக இருக்கிறாள். புதருக்குள்ளிருந்து அவன் வருகிறான். அவனைப் பார்த்து அவள் கத்தவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள், பூ கொடுக்கிறாள். அவன் முகர்ந்து பார்க்கிறான், சிரிக்கிறான். பூவைத் தண்ணீரில் போட்டால் படகு மாதிரி மிதக்கும் என்று காட்டிக் கொடுக்கிறாள். அவனும் ஒவ்வொன்றாகப் போடுகிறான். பூ தீர்ந்துவிடுகிறது. வெறுங்கையைப் பார்க்கிறான். அப்புறம் அவளைப் பார்க்கிறான். அழகானது எல்லாம் மிதக்கும் என்றுதானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது? தூக்கிப் போடுகிறான். அவள் மிதக்கவில்லை. பதறிப்போய், தடுமாறி, புதருக்குள் ஓடுகிறான்.

1930களின் பிற்பகுதியில் படம் மறுபடி வெளியானபோது தணிக்கைக்காக இதை வெட்டினார்கள். எந்த இடத்தில் வெட்டினார்கள் தெரியுமா? அவன் கை அவளை நோக்கி நீளும் இடத்தில். அதற்குப் பிறகு நாம் பார்ப்பது, கல்யாணக் கொண்டாட்டத்துக்கு நடுவே மகளின் உடலை ஏந்திக்கொண்டு நடந்துவரும் அப்பாவை. நடுவில் என்ன நடந்தது என்பதைப் பார்க்கிறவன் தன் மனசிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மனசு எதைப் போட்டுக்கொள்ளும்? குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று கத்தரியை எடுத்தவர்கள், ஒரு விபத்தை அசிங்கமான குற்றமாக ஆக்கிவிட்டார்கள். ஒன்றும் அறியாத ஒருவன்மேல், எடுத்த படத்தில் இல்லவே இல்லாத ஒரு பழி விழுந்தது. வெட்டிய துண்டு 1980களின் நடுவில்தான் படத்தோடு திரும்பச் சேர்ந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் அவன் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு திரையில் நடந்தான். என்னால் இதை இன்றும் கோபமில்லாமல் சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் அந்தப் பழியைப் போட்டவர்களில் நானும் ஒருவன். 1984இல், கல்லூரியில் படித்தபோது, ஒரு திரைப்படச் சங்கம் மாடி அறையில் வெள்ளை வேட்டியைக் கட்டி இந்தப் படத்தைப் போட்டது. வெட்டின பிரதி. எங்களுக்கு அது தெரியாது. திரும்பி நடக்கும்போது, கடைசியில் ஊர்க்காரர்கள் அந்தப் பயலைக் கொளுத்தினது சரிதான் என்றேன். கூட வந்த நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. “பூப்போட்டுச் சிரிச்சான்ல, அந்தச் சிரிப்பைப் பாத்தியா? அப்படிச் சிரிச்சவன் அதைச் செஞ்சிருக்க மாட்டான்டா” என்றான். திரையில் பார்த்ததை நம்பாமல் மனசுக்குப் பிடித்ததை நம்புகிறாய் என்று திட்டினேன். விடுதி வாசல் வரைக்கும் சண்டை. உண்மையில் நான்தான் திரையில் இல்லாததை நம்பிக்கொண்டிருந்தேன். நண்பன், இருந்ததை மட்டும் பார்த்திருந்தான்.

முழுப் படத்தை டிவிடியில் பார்க்க எனக்கு இருபது வருடம் ஆனது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ராத்திரி பதினொன்றரைக்கு அந்த நண்பனுக்குப் போன் செய்தேன். தூக்கத்தில் எடுத்தான். பூ தீர்ந்துபோனதை, அவன் கையைப் பார்த்ததை, தூக்கிப் போட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“அவ முங்கினதும் பதறுறானா?” என்று கேட்டான்.

“பதறுறான்டா.”

“சரி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.