புண் விரலில், நெறி தொடையிடுக்கில்

வணக்கம்.
என் மகனுக்குக் கால் பெருவிரலில் முள் குத்திப் புண்ணாகிவிட்டது. மூன்றாம் நாள் தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொண்டது. கிருமியோடு போராடுவது டி செல்கள் என்று படித்திருக்கிறேன். அவை நேரே புண்ணுக்குப் போகாமல், நடுவில் டென்ட்ரிடிக் செல் என்ற தரகர் எதற்கு?
செ.

அன்புள்ள செ.,

தரகர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், எனக்கு வேலை மிச்சம். ஒவ்வொரு டி செல்லும் ஏதோ ஒரு ஆன்டிஜெனைத்தான், அதாவது கிருமி போன்றவற்றின் ஏதோ ஒரு அடையாளத் துண்டைத்தான், அடையாளம் காணும். உங்கள் மகனின் விரலில் நுழைந்த கிருமிக்குப் பொருந்தும் டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அதுவும் ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் (நெறி கட்டுவது இவற்றில்தான்) சுற்றிக்கொண்டிருக்கும். புண் பக்கம் தானாக எட்டிப் பார்க்காது.

தோலில் இருக்கும் டென்ட்ரிடிக் செல் கிருமியை விழுங்குகிறது. விழுங்கியது கிருமிதான் என்று அதன் ஏற்பிகள் உணர்ந்ததும், நிணநீர் வழியாகத் தொடையிடுக்கில் உள்ள கணுவுக்குக் கிளம்பிவிடுகிறது. கிருமியின் புரதத்தை நறுக்கி, துண்டுகளை எம்.எச்.சி. என்ற மூலக்கூறில் ஏந்தி வெளியே நீட்டுகிறது. முழுக் கிருமியைக் காட்டினால் டி செல்லுக்குத் தெரியாது. இந்தத் துண்டுதான் தெரியும்.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. துண்டைக் காட்டினால் மட்டும் டி செல் கிளம்பாது. டென்ட்ரிடிக் செல்லின் மேற்பரப்பில் உள்ள பி7 என்ற புரதம், டி செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி28 என்ற புரதத்துடன் இணைய வேண்டும். கிருமியைக் கண்ட பிறகுதான் பி7 ஏராளமாக வெளியே வரும். ஏன் இத்தனை கெடுபிடி? டென்ட்ரிடிக் செல்கள் நம் சொந்தப் புரதங்களையும் ஓயாமல் காட்டிக்கொண்டே இருக்கின்றன. அப்போது பி7 போதிய அளவு இருக்காது. அந்தத் துண்டோடு பொருந்திய டி செல் முடங்கிப்போகும், இல்லையென்றால் செத்துப்போகும். சண்டையை மூட்டிவிடும் அதே செல்தான் நம்மை நாமே தாக்கிக்கொள்ளாமலும் காக்கிறது. எளிமையாக எழுதுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

சரி, நெறிக்கு வருவோம். கணுவுக்குள் ரத்த ஓட்டம் கூடுகிறது, உள்ளே வந்த செல்கள் வெளியேறுவது சிறிது காலம் தடைபடுகிறது. அதனால்தான் கணு வீங்குகிறது. பொருந்திய டி செல் நாலைந்து நாள் பிரிந்து பிரிந்து பெருகி, அப்புறம்தான் புண்ணைத் தேடிப் போகிறது. கிருமியே கணுவரை வந்துவிட்டாலும் வீங்கும், அது வேறு விஷயம்.

1973-இல் ரால்ஃப் ஸ்டைன்மேனும் ஸான்வில் கோனும் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலியின் மண்ணீரலில் இந்தச் செல்லைக் கண்டு சொன்னபோது பலர் நம்பவில்லை. ஸ்டைன்மேனுக்கு 2011-இல் நோபல் அறிவிக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்பே கணையப் புற்றுநோயில் அவர் இறந்திருந்தார். குழுவுக்கு அது தெரியாது. பரிசைத் திரும்பப் பெறவும் இல்லை. தன் நோய்க்குத் தன் டென்ட்ரிடிக் செல்களாலேயே தடுப்பூசி செய்து போட்டுப் பார்த்தவர் அவர்.

மகனின் நெறியை உருவிவிட வேண்டாம். புண் ஆறினால் மெல்ல வடிந்துவிடும். சில வாரம் கழித்தும் கெட்டியாக நின்றாலோ, பெரிதானாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.