கேளுங்க சொல்றோம்: வேலிக்கால் ஏன் சாயுது?

கேள்வி: அண்ணே, ஆட்டுக்கு வேலி போட்டு ஒரு வருஷம்தான் ஆச்சு. ஏழடி மரக்கால் ஊணி வலை இழுத்துக் கட்டினோம். மழை முடிஞ்சு பாத்தா மூலைக்கால் ரெண்டும் உள்பக்கமா சாஞ்சு வலை தொப்பை போட்டு நிக்குது, ஆனா நடுவுல இருக்கிற கால் ஒண்ணு கூட அசையல. சிமெண்ட் போட்டிருக்கணுமா?

பதில்: நடுக்கால் ஏன் அசையலன்னா அதுக்கு வேலையே இல்ல, வலையை நிமித்திப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்குது, அவ்ளோதான். மொத்த இழுப்பும் மூலைக்கால் தலையிலதான். வலையை எவ்வளவு டைட்டா இழுக்கறீங்களோ அவ்வளவும் ராத்திரி பகல்னு அதைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டே இருக்கும், மண்ணு காஞ்சிருக்கற வரைக்கும் தாங்கும், மழையில ஊறுச்சுன்னா முடிஞ்சது கதை.

முதல்ல ஆழம். காலோட நீளத்துல மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகணும், ஏழடிக் கால்னா ரெண்டேகால் அடிக்குக் கொஞ்சம் மேலயே போகணும். மூலைக்கால் மத்ததை விட தடியா, எட்டடி நீளமா எடுத்து மூணு மூணரை அடி இறக்குங்க.

ஆனா ஆழம் மட்டும் பத்தாது, முட்டு வேணும். மூலையிலேர்ந்து எட்டு பத்தடி தள்ளி வேலி வரிசையிலயே இன்னொரு தடிக்கால் ஊணி, ரெண்டு காலுக்கும் நடுவுல மேல்பக்கமா ஒரு குறுக்குக் கட்டையைப் படுக்க வச்சு இறுக்கணும். அப்புறம் குறுக்குவாட்டுல கம்பி, இங்கதான் பல பேர் கோட்டை விடறது. கம்பி ரெண்டாவது காலோட உச்சியிலேர்ந்து மூலைக்காலோட அடிக்கு வரணும். நான் முதமுதல்ல வேலி கட்டினப்ப இதைத் தலைகீழா, அதாவது மூலைக்கால் உச்சியிலேர்ந்து அடுத்த கால் அடிக்குக் கட்டிட்டு ஜம்முனு இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன், வலையை இழுத்ததும் அந்தக் கம்பி துணி காயப்போடற கொடி மாதிரி தொளதொளன்னு ஆடுச்சு, மூலைக்கால் கண்ணு முன்னாடியே சாஞ்சுது! கம்பியை ரெட்டையாப் போட்டு நடுவுல ஒரு குச்சியைச் சொருகி முறுக்கினா இறுகும், குச்சியை அப்படியே குறுக்குக் கட்டையில கட்டி விட்டுடுங்க, பின்னாடி தளர்ந்தா இன்னும் ரெண்டு முறுக்கு குடுத்துக்கலாம். ஒவ்வொரு மூலையிலயும் வேலி ரெண்டு பக்கம் போகுதே, ரெண்டு பக்கத்துக்கும் இது வேணும். கேட் மாட்டற கால்கள்லயும் வலை வந்து முடியுது, அதையும் விட்டுடாதீங்க.

சிமெண்ட் பத்திக் கேட்டீங்க. கல்லுக்கால், இரும்புக்கால்னா தாராளமா போடுங்க. மரக்காலுக்கு எனக்குப் பிடிக்காது. மரம் சுருங்கும்போது சிமெண்டுக்கும் அதுக்கும் நடுவுல சந்து விழுந்து தண்ணி இறங்கி நிக்கும், அப்புறம் உளுத்துப் போயிடும். போட்டே ஆகணும்னா மேல்வாய் காலை விட்டு வெளிய சரியற மாதிரி பூசுங்க, பூசிட்டு ஒரு வாரம் வலை பக்கமே போகாதீங்க.

கேள்வி: எங்க நிலம் பாறை மாதிரி, கடப்பாரை போட்டா தெறிக்குது. மெஷின் வச்சு குழி போட்டா பரவால்லையா? எவ்வளவு அகலம்?

பதில்: மெஷின் தாராளமா ஓட்டலாம், ஆனா கல்லோ வேரோ சிக்கினா சுத்தற வேகத்துல ஆளையே சேத்துத் திருப்பிடும், அதனால தோள்ல துண்டு, தொங்கற சட்டை எதுவும் வேண்டாம். கீழ தண்ணி பைப்பு, கரண்டு கேபிள் ஏதும் போகுதான்னு கேட்டுட்டு ஆரம்பிங்க. கையாலன்னா முந்தின நாள் சாயங்காலம் குழி இடத்துல சாண் ஆழம் பறிச்சுத் தண்ணி ஊத்தி விட்டுடுங்க, காலையில கடப்பாரை இறங்கும், கலைஞ்ச மண்ணை கொட்டாங்குச்சியோ தகர டப்பாவோ வச்சு வாரி எடுத்துட்டு மறுபடி தண்ணி. சலிப்பான வேலைதான், வேற வழி இல்ல. அகலம் எதுக்கு? காலைச் சுத்தி ஒரு கைப்பிடி இடம், இடிக்கிற கட்டை உள்ள போய் வர அளவு இருந்தா போதும். பெருசா தோண்டினா அவ்வளவு மண்ணையும் திரும்ப நீங்கதான் இடிக்கணும்.

இடிக்கிறதுலதான் சூட்சுமமே. எல்லா மண்ணையும் ஒரேடியா தள்ளி மேல ஏறி மிதிச்சா மேல் அரை அடிதான் இறுகும், கீழ பொலபொலன்னு கிடக்கும். அரை அடி மண்ணு போடுங்க, திமிசுக்கட்டையாலயோ கடப்பாரையோட மொட்டை முனையாலயோ சுத்திச் சுத்தி குத்துங்க, ணங்குன்னு சத்தம் மாறினதும் அடுத்த அரை அடி. ஒவ்வொரு தடவையும் தூக்குக்குண்டு இல்ல ரசமட்டம் வச்சு ரெண்டு பக்கம் பாத்துக்குங்க. காலை வேற குழிக்குள்ள வச்சும், தோண்டின மண்ணு கிட்டத்தட்ட முழுசும் உள்ள போயிடுச்சுன்னா இடி சரி. பாதி மண்ணு வெளிய மீந்து கிடந்தா எடுத்துட்டு மறுபடி இடிங்க, கோச்சுக்காதீங்க.

வரிசை நேரா வரணும்னா முதல்ல ரெண்டு மூலையும் ஊணி, நடுவுல கயிறு இழுத்துக் கட்டி, கயிறை ஒட்டி மத்ததை ஊணுங்க. ராத்திரி திறந்து கிடக்கிற குழி மேல பலகை போட மறந்துடாதீங்க, கன்னுக்குட்டி கால் போச்சுன்னா போனதுதான்.

கேள்வி: கொம்பு வச்ச ஆடுங்க எனக்கு. முள்ளுக்கம்பி போதுமா, இல்ல வலையா? கோழியும் அதே வேலிக்குள்ள விடலாமா அக்கா?

பதில்: முள்ளுக்கம்பி மாட்டுக்காக வந்தது தம்பி. 1874-ல அமெரிக்காவில ஜோசப் கிளிடன்னு ஒரு பண்ணைக்காரர் பேட்டண்ட் வாங்கினாரு, அது தடிச்ச தோலும் பெரிய உடம்பும் உள்ள ஜீவனை நிறுத்தறதுக்கு. ஆடு ரெண்டு கம்பிக்கு நடுவுல தலையை விட்டு நுழையப் பாக்கும், மடி கிழிஞ்சா தையல் போட்டு அலையணும். வலைதான் வாங்கணும், நாலடி உயரமாவது இருக்கணும். வலைக்கண்ணு, அதான் வலையோட ஓட்டை, ஆறு அங்குலம் இருந்தா தலை உள்ள போகும், திரும்பி வரும்போது கொம்பு தூண்டில் மாதிரி மாட்டிக்கும், நீங்க தினம் சாயங்காலம் ஒண்ணு ஒண்ணா கழட்டி விட்டுட்டு இருப்பீங்க. நாலு அங்குலம் பாத்து வாங்குங்க. வலையைக் காலோட உள்பக்கம் கட்டுங்க, ஆடு முன்னங்காலைத் தூக்கி வச்சு சாயும்போது வலை வேலிக்காலைப் பாத்துதான் அமுங்கும், ஆணி பிடுங்காது. உள்பக்கமா சாய்ச்சு முட்டு மட்டும் குடுத்துடாதீங்க, அது ஆட்டுக்கு ஏணி.

கோழிக்கு நாலு அங்குல கண்ணு வாசக்கதவு மாதிரி. கீழ ரெண்டடிக்கு சின்னக் கண்ணு வலையைச் சேத்துக் கட்டி, அடியில ஒரு அடியை வெளிப்பக்கமா தரையில மடக்கிப் புதைச்சிடுங்க. நாய், கீரி எல்லாம் வேலி ஓரத்துலதான் தோண்டும், வலை தட்டினா விட்டுட்டுப் போயிடும்.

கேள்வி: வீட்டு கரண்டையே வேலிக் கம்பியில குடுத்தா காட்டு விலங்கு வராதுங்கறாங்களே?

பதில்: வராது, பக்கத்து வீட்டுப் புள்ளையும் திரும்பி வராது. தயவுசெஞ்சு வேண்டாம். மின்வேலிக்குன்னே எனர்ஜைசர்னு தனிக் கருவி இருக்கு, அது செகண்டுக்கு ஒரு தடவை கண்ணிமைக்கிறதை விட சின்னதா ஒரு அடி விட்டு நிறுத்திடும், அதனாலதான் வலிக்குமே தவிர உயிர் போகாது. வீட்டு கரண்டு நிறுத்தாது.

கேள்வி: வேலி வேலை முடிஞ்ச ரெண்டு மாசத்துல பசு தீனி எடுக்கல. டாக்டர் வந்து கம்பித்துண்டு முழுங்கியிருக்கும்னு சொல்றாரு. மாடு போய் கம்பி தின்னுமா?

பதில்: தின்னும். நாக்கால சுழட்டி அப்படியே வாரி முழுங்கற ஜீவன், புல்லுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காது. ரெண்டாவது வயித்துல போய்த் தங்கற கம்பி முன்னாடி இருக்கிற இதயத்தையே குத்தற அளவுக்குப் போகும், அதனால டாக்டர் சொல்றதைத் தள்ளிப் போடாம கேளுங்க, வயித்துல காந்தம் விடறது அவங்க வழக்கமா செய்யறதுதான். மத்த மாடுகளை அந்தப் பக்கம் விடாம, ஒரு பெரிய காந்தத்தைக் கயித்துல கட்டி வேலி ஓரமா தரையோட இழுத்துட்டு ஒரு நடை போயிட்டு வாங்க, எவ்வளவு ஆணி, எவ்வளவு துண்டு ஒட்டிட்டு வருதுன்னு நீங்களே பாப்பீங்க.