2007-இல் வந்த சின்ன டிஜிட்டல் கேமராவை இன்றைக்கும் பயன்படுத்த முடியுமா?

"வீட்டில் 2007 வாக்கில் வாங்கிய கையடக்க டிஜிட்டல் கேமரா ஒன்று சும்மா கிடக்கிறது. கையில் நல்ல போன் இருக்கும்போது அதை எடுத்துத் தூசி தட்டுவதில் ஏதாவது பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. நான் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் போனைவிட அருமையாக வரும் என்று யாரோ ரீல்ஸில் சொன்னதை நம்பி எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே வெறுத்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். 7.1 மெகாபிக்சல், 4 மடங்கு ஆப்டிகல் ஜூம், இரண்டரை அங்குலத் திரை, அதற்கு மேலே கண்ணை வைத்துப் பார்க்க ஒரு குட்டி வியூபைண்டர், இரண்டு பென்சில் பேட்டரி. சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா ஒரு தடவை ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. நாலைந்து வருஷம் சொந்தத்தில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் போய்வந்தது, அப்புறம் ஆளுக்கொரு போன் வந்தது, இது காரைக்குடி வீட்டில் இரண்டாங்கட்டு அலமாரியில் சீடை டின்னுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுப் பண்டிகையான பிள்ளையார் நோன்புக்குப் போயிருந்தபோது வேறு எதையோ தேடிக் கையை விட்டதில் இது வந்தது.

பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கடைசியாக எடுத்து வைத்தவன் நான்தான், பேட்டரியைக் கழற்றாமல் மூடியிருக்கிறேன். உங்கள் கேமராவிலும் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம், அதை மெல்லிய அமிலம் முறித்துவிடும். நான் எலுமிச்சைச் சாற்றைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு (சொட்டக் கூடாது, உள்ளே இறங்கினால் கதை முடிந்தது) அந்தத் தகட்டையும் ஸ்பிரிங்கையும் தேய்த்தேன், பிறகு ஈரக்குச்சி, பிறகு உலர்ந்த குச்சி, ஒரு ராத்திரி காயவிட்டேன். மறுநாள் புது பேட்டரி போட்டு அழுத்தியதும் லென்ஸ் வெளியே வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டே அப்பத்தா கூடத்திலிருந்து, "அந்தப் பழைய பொட்டியா?" என்றார்கள்.

பேட்டரி பற்றி இன்னும் ஒன்று. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சாதாரண செல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு "கேமரா போய்விட்டது" என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர். லென்ஸை நகர்த்தவும் பிளாஷை ஏற்றவும் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் வேண்டும், அந்தச் செல்லால் அதைத் தர முடியாது, நாலாவது படத்திலேயே சிவப்பாகக் கண் சிமிட்டும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி வாங்குங்கள். அதில் 1.2 வோல்ட்தான் போட்டிருக்கும், 1.5 இல்லையே என்று பயப்படவேண்டாம், சுமை ஏறும்போது அது அவ்வளவு எளிதில் இறங்காது. அதிலும் எனலூப் மாதிரி, சும்மா வைத்திருந்தால் சார்ஜ் அதிகம் கரையாத வகையாகப் பாருங்கள். எனக்கு அல்கலைனில் நூற்றுச் சொச்சம் படம் வந்தால் இதில் அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் வருகிறது. இந்தக் கேமரா இன்னும் உயிரோடு இருப்பதற்கே பென்சில் பேட்டரிதான் காரணம் என்று நினைக்கிறேன். அதே காலத்தில் வந்த ஒல்லியான அழகான கேமராக்களுக்கெல்லாம் தனித்தனி பேட்டரி, அது உப்பிவிட்டால் மாற்று தேடி அலைய வேண்டியதுதான்.

மெமரி கார்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இப்போது கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் 64, 128 ஜிபி கார்டெல்லாம் எஸ்டிஎக்ஸ்சி வகை, 2007 கேமராவுக்கு அது புரியாது. 32 ஜிபி வரைதான் எஸ்டிஎச்சி, இந்தக் கேமரா ஏற்கும் வகை அதுதான். நான் பழைய 2 ஜிபி கார்டையே வைத்திருக்கிறேன், ஒரு படம் மூன்று எம்பி வரும் என்று வையுங்கள், அறுநூறுக்கு மேல் கொள்ளும், ஒரு பண்டிகைக்கு அது போதாதா? படத்தை மாற்ற மினி யுஎஸ்பி கேபிளைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். போனில் செருகும் கார்டு ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கார்டைக் கழற்றிப் போட்டால் வேலை முடிந்தது.

தேதியை நினைவில் வைக்க உள்ளே ஒரு பட்டன் செல் இருக்கும், அது தீர்ந்திருந்தால் கேமரா ஒவ்வொரு தடவையும் தேதி கேட்கும். நான் சோம்பேறித்தனமாகக் கேன்சல் அழுத்திக்கொண்டே எடுத்ததில் முதல் நோன்புப் படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் கண்டபடி கலந்துபோய், யார் எப்போது வந்தார்கள் என்று புடவையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சரி, படம் எப்படி வருகிறது?

எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும். நடுவில் வளவு வாசல் வானம் பார்க்கத் திறந்திருக்கும், பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே கண் கூசும், அதைச் சுற்றித் தூணுக்குப் பின்னால் இருக்கிற தாழ்வாரமும் அறைகளும் இருட்டு. இந்தச் சின்னச் சென்சாருக்கு (லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்கும் சக்தி கிடையாது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைக் காட்டினால் வாசல் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும், வாசலைக் காப்பாற்றினால் ஆள் நிழலாகிவிடுவார். போன் என்ன செய்கிறது என்றால் நாம் ஒரு தடவை தொட்டதற்கு வெவ்வேறு வெளிச்சத்தில் பல படம் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, நிழலைத் தூக்கிவிட்டு, கூர்மை ஏற்றிக் கொடுக்கிறது. இது ஒரே ஒரு படம் எடுக்கிறது, அவ்வளவுதான். நான் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, எப்போதும் இரண்டு சின்னப் படி மைனஸில் வைத்துவிடுகிறேன். இருட்டைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது. முழு வளவையும் ஒரே சட்டத்தில் அடைக்கவும் முடியாது, பழைய பிலிம் கேமராக் கணக்கில் இது அதிகபட்சம் விரிவது 35 மில்லிமீட்டர் லென்ஸ் அளவுக்குத்தான், நீங்கள் பின்னால் போய்ப் போய் முகப்புக்கே வந்துவிடுவீர்கள். அதற்குப் போனைத்தான் எடுக்கிறேன், இதில் எனக்கு வைராக்கியம் எதுவும் இல்லை.

பிளாஷ் மூன்று மூன்றரை மீட்டருக்கு மேல் எட்டாது. அது போதாதென்று முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி இழைத்த சுவர் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும், படத்தில் சுவர் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் உட்கார்ந்திருக்கும். நேராக நிற்காமல் சாய்வாக நின்று எடுத்தால் தப்பிக்கலாம்.

வட்டம் என்றதும் இது ஞாபகம் வருகிறது. மறைந்த முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காக வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற பின்கட்டு அறை ஒன்றை அப்போதுதான் கூட்டிவிட்டு விளக்கு வைத்திருந்தார்கள். நான் பிளாஷ் போட்டு எடுத்தேன். படம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் மிதக்கின்றன. பங்காளி வீட்டு ஆச்சி ஒருவர் திரையைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் வந்திருக்காக அப்பு" என்றார்கள். பெட்டி சிறிதாக இருப்பதால் பிளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது, லென்ஸுக்குப் பக்கத்தில் பறக்கும் தூசி அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்து, போகஸில் இல்லாததால் உருண்டையாக விரிந்துவிடுகிறது. காரணம் இதுதான். ஆச்சியிடம் நான் அதைச் சொல்லப்போகவில்லை. அந்தப் படத்துக்குப் பிரிண்ட் கேட்டார்கள், போட்டுக் கொடுத்தேன்.

நோன்பன்று இழை எடுக்கும் படங்கள் தேறவில்லை. மாவுப் பிள்ளையாரில் இழையை ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற அந்த ஒரு நொடியைப் பிடிக்க ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவு) 800-க்கு ஏற்றினால் முகமெல்லாம் ரவை கொட்டியது போல் இருக்கிறது, 200-இல் வைத்தால் ஆள் அசைந்துவிடுகிறார்கள். கை நடுக்கத்தைக் கேமரா சமாளிக்கும், எதிரில் இருப்பவர் அசைவதை ஒன்றும் செய்ய முடியாது. 400-க்கு மேல் போகவேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அப்படியானால் எதற்கு இது? நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் இருப்பவற்றுக்கு அருமையான கேமரா. மேக்ரோவில் ஐந்து சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். ஆத்தங்குடிக் கல் தரையில் சாய்வாக விழும் காலை வெயில், நிலைக்கதவு மரத்தில் செதுக்கியிருக்கும் யாளியின் பல், பித்தளைப் பூட்டு எல்லாம் இதில் நன்றாக வருகிறது. தோல் நிறமும் எனக்குப் பிடித்திருக்கிறது, வெயிலில் கறுத்தவரைக் கறுப்பாகவே காட்டுகிறது. சிசிடி என்பது அந்தக் காலக் கேமராக்களில் இருந்த சென்சார் வகை, "சிசிடி சென்சார் மாயம்" என்று இப்போது பலர் எழுதுகிறார்கள், நான் அதை முழுதாக நம்பவில்லை. சென்சார் வகையைவிட அதன் மேல் இருக்கும் நிற வடிகட்டியும், அந்தக் கால நிறுவனம் நிறத்தை எப்படிக் கலந்தது என்பதும்தான் அதிகம் வேலை செய்கிறது. ஆர்வம் இருந்தால் சிஎச்டிகே என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, கார்டில் போட்டால் கேமராவின் சொந்த மென்பொருளைத் தொடாமலே ரா கோப்பு (சென்சார் பிடித்ததை அப்படியே பதியும் கோப்பு) எடுக்க வைக்கும். நான் ஒரு வாரம் விளையாடிவிட்டு விட்டுவிட்டேன்.

நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஆட்கள்தான். போனைத் தூக்கினால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "டேய், இத எங்கிட்டு அனுப்பப் போறே?" என்றுதான். குடும்பக் குழுவில் பாதி வாய் திறந்த நிலையில் தன் படத்தைப் பார்த்து நொந்தவர்கள் அவர்கள். கேமராவைத் தூக்கினால் அந்தக் கேள்வியே வருவதில்லை. இது எங்கேயும் உடனே போகாது என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. கண்டாங்கியின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வந்து, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். நான் வியூபைண்டரில் கண்ணை வைப்பதால் அவர்களும் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பணியாரக் கரண்டியோடு எடுக்கலாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது மட்டும் நஷ்டம்.

புதிதாகத் தேடி வாங்குவதாக இருந்தால் அவசரப்படாதீர்கள், ஆசை கூடியதால் இப்போது பழையவற்றுக்கு நியாயமில்லாத விலை சொல்கிறார்கள். பென்சில் பேட்டரி, எஸ்டி கார்டு, இந்த இரண்டும் இருந்தால் மட்டும் பாருங்கள். எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் மாதிரி புழக்கத்தில் இல்லாத பழைய கார்டு வகை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கையில் வாங்கிப் பத்துத் தடவை ஆன் ஆப் செய்து லென்ஸ் திக்காமல் வருகிறதா என்று பாருங்கள், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். பிரிண்ட் பற்றிக் கவலை வேண்டாம், 7 மெகாபிக்சல் பத்து அங்குல அகலத்துக்கே தாராளம்.

போன நோன்புப் படங்களில் பத்துப் பன்னிரண்டைக் கார்டு ரீடர் வழியாகப் போனுக்கு எடுத்து, அப்பத்தாவிடம் கேட்டுவிட்டே பெரியப்பாவுக்கு அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஏன்டா ஒருத்தர்கூடச் சிரிக்கல?" என்றார். அப்பத்தாவிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "போட்டா புடிக்கையில யாரு சிரிப்பாக?" என்றார்கள்.