பக்கத்து மாநகராட்சியில் வணிக வளாகம்: எங்கள் நகராட்சி தடுக்க முடியுமா?

கேள்வி: நான் தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியின் மன்ற உறுப்பினர். எங்கள் எல்லையிலிருந்து சுமார் 600 மீட்டர் தள்ளி, பக்கத்து மாநகராட்சிப் பகுதியில் 4.5 லட்சம் சதுர அடியில் வணிக வளாகம் கட்டப் போகிறார்கள். சூப்பர் மார்க்கெட், துணிக்கடைகள், திரையரங்கு எல்லாம் அதற்குள் வருகிறதாம். முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அது விவசாய உபயோக நிலம். அதை வணிக உபயோகத்துக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பம் போயிருப்பதாகக் கேள்வி. எங்கள் தினசரி சந்தையும் கடைவீதியும் படுத்துவிடும் என்று வியாபாரிகள் பயப்படுகிறார்கள். நகராட்சிக்கு வரும் கடை வாடகையும் குறையும். வளாகத்துக்குப் போகும் சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அந்த மேட்டில் பெய்யும் மழை எங்கள் ஏரிக்குத்தான் வருகிறது. போன மாதம் மன்றத்தில் எதிர்த்துத் தீர்மானம் போட்டோம். ஆணையரோ, "அது அவர்கள் எல்லை, நாம் தலையிட முடியாது" என்கிறார். நாங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் இப்போது கையில் இருக்கும் தீர்மானத்தோடு போனால் தோற்றுவிடுவீர்கள். அந்தத் தீர்மானத்தில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: வியாபாரிகளின் வாழ்வாதாரம், சந்தையின் எதிர்காலம், நகராட்சி வருமானம். மூன்றும் உண்மையான கவலைகள். ஒரு ஊரின் கடைவீதி வெறிச்சோடினால் அந்த ஊரே என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த மூன்றையும் வைத்து ஒரு கட்டடத்தை நிறுத்தும் அதிகாரத்தை நம் சட்டம் எந்த நீதிமன்றத்துக்கும் தரவில்லை.

இரண்டு பழைய வழக்குகளைச் சொன்னால் இது எளிதாகப் புரியும். இரண்டுமே திரையரங்கு பற்றியவை, இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை போனவை. முதலாவது 1975இல் முடிவான வழக்கு. ஏற்கெனவே திரையரங்கு நடத்தி வந்த ஒருவர், புதிதாக இன்னொருவர் திரையரங்கு கட்டத் தடையின்மைச் சான்று கொடுத்ததை எதிர்த்து வழக்குப் போட்டார். போட்டியால் வருமானம் குறைவது சட்டப்படியான பாதிப்பு ஆகாது, இவருக்கு வழக்குத் தொடர உரிமையே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1970இல் அரிசி ஆலைகள் தொடர்பான ஒரு வழக்கிலும் இதே நிலைதான். தொழில் செய்யும் உரிமை அரசமைப்புச் சட்டத்தில் உண்டு. போட்டியே வராமல் தொழில் செய்யும் உரிமை கிடையாது.

இரண்டாவது 1974இல் உடுப்பி நகராட்சி சம்பந்தமான வழக்கு. குடியிருப்புப் பகுதியில் திரையரங்கு கட்ட நகராட்சி அனுமதி கொடுத்தது. அங்கே குடியிருந்த ஒருவர் எதிர்த்தார். அவர் எந்தத் தொழில் போட்டியும் இல்லாதவர். நகரமைப்புத் திட்டத்தை மீறி நகராட்சி அனுமதி கொடுக்க முடியாது, அதைத் தட்டிக் கேட்க அங்கே வசிப்பவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது.

எதிர்க்கப்பட்டது இரண்டிலும் திரையரங்குதான். முதலாமவர் போட்டியாளராகப் பேசினார், அடுத்தவர் திட்டம் மீறப்பட்டதால் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளராகப் பேசினார். உங்கள் நகராட்சி இந்த இரண்டாவது ஆளின் இடத்தில் நின்று பேச வேண்டும். நிற்பதற்கு இடமும் இருக்கிறது: சாலை, மழைநீர், விவசாய நிலத்தின் உபயோக மாற்றம். இந்த மூன்றையும் கேள்வியில் ஒரு வரி, ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் வழக்கே அந்த வரிகளில்தான் இருக்கிறது.

ஜெர்மனியின் கட்டடச் சட்டத் தொகுப்பில், அக்கம்பக்கத்து உள்ளாட்சிகள் தங்கள் திட்டங்களை ஒன்றோடொன்று ஒத்திசைத்துப் போட வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தன் ஊரின் மையக் கடைவீதி பாதிக்கப்படும் என்பதைக்கூட ஒரு நகராட்சி அங்கே ஆட்சேபனையாக வைக்கலாம். நம் 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இருக்கும் சட்டத்தை வைத்துத்தான் இப்போது பார்க்க முடியும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் நகராட்சியும் அந்த மாநகராட்சியும் ஒரே உள்ளூர் திட்டப் பகுதிக்குள், அதாவது நகரமைப்புக்காக ஒன்றாகத் திட்டமிடப்படும் பகுதிக்குள், வருகின்றனவா? மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வரைபடத்தைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். இது ஏன் முக்கியம் என்றால், சட்டத்தின் 49ஆம் பிரிவு திட்ட அனுமதி கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறது: என்ன நோக்கத்துக்காக அனுமதி கேட்கிறார்கள், அந்த இடம் அதற்குப் பொருத்தமானதா, அந்தத் திட்டப் பகுதியின் எதிர்கால வளர்ச்சிக்கும் பராமரிப்புக்கும் என்ன ஆகும். இரண்டு ஊரும் ஒரே திட்டப் பகுதி என்றால் உங்கள் சாலையும் ஏரியும் அந்த மூன்றாவது கேள்விக்குள் நேராக வந்துவிடும். ஆணையர் சொல்லும் 'அவர்கள் எல்லை' என்ற பதில் அப்போது செல்லாது. வேறு வேறு திட்டப் பகுதி என்றால் உங்கள் வாதம் கொஞ்சம் பலவீனமாகும், ஆனாலும் இடத்தின் பொருத்தம் என்ற கேள்வி அப்படியே இருக்கும். ஒரு நிலத்தின் பொருத்தத்தை, அதற்குப் போகும் ஒரே சாலையைப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வார்கள்?

அப்புறம், அந்த உபயோக மாற்றம். உங்களுக்கு நல்ல காலம், அது இன்னும் முடியவில்லை என்று தெரிகிறது. முழுமைத் திட்டம் அமலில் இருக்கும்போது அதற்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்த முடியாது. விவசாய உபயோகத்தை வணிகத்துக்கு மாற்றினால்தான் வளாகத்துக்கே வழி பிறக்கும். அந்த மாற்றத்துக்கு முன் நாளிதழில் அறிவிப்புப் போட்டு ஆட்சேபனை கேட்பார்கள். அறிவிப்பு பெரும்பாலும் ஒரு மூலையில் சின்னதாக வரும். பக்கத்து ஊர் செய்தி என்று உங்கள் ஊரில் யாரும் பார்க்க மாட்டார்கள். நகராட்சி அலுவலகத்தில் ஒருவரை இதற்கென்றே தினமும் நாளிதழ் பார்க்கச் சொல்லுங்கள். அறிவிப்பில் போட்டிருக்கும் தேதிக்குள் நகராட்சியின் எழுத்துப்பூர்வ ஆட்சேபனை போய்ச் சேர்ந்து, ஒப்புகைச் சீட்டு கையில் இருக்க வேண்டும். பின்னால் ரிட் மனு போட நேர்ந்தால், "எங்கள் ஆட்சேபனையைப் பரிசீலிக்காமலே முடிவெடுத்துவிட்டார்கள்" என்ற ஒரு வாதமே உத்தரவை ரத்து செய்யப் போதுமானதாக இருக்கலாம். ஆட்சேபனையே கொடுக்காதவர் அந்த வாதத்தை எடுக்க முடியாது.

ஆட்சேபனையில் என்ன எழுதுவது? ஆவேசம் வேண்டாம், அளவுகள் வேண்டும். சாலையின் அகலம் எங்கெங்கே எவ்வளவு, அதில் எத்தனை பள்ளிகள், மருத்துவமனை எங்கே, காலையிலும் மாலையிலும் இப்போது ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் போகின்றன. இதை எண்ணுவதற்குப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் போதும், நகராட்சிப் பொறியாளர் கையெழுத்துப் போட்டால் அது ஆவணம். ஏரிக்கும் அப்படித்தான்: வரத்துக் கால்வாய் எந்தச் சர்வே எண்கள் வழியாக வருகிறது, அந்த நிலம் கான்கிரீட் ஆனால் தண்ணீர் எங்கே திரும்பும் என்பதைப் புல வரைபடத்தோடு காட்டுங்கள். இவ்வளவு பெரிய இடத்துக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் பெரும்பாலும் கேட்கப்படும். ஆகவே இதே மனுவின் நகல் நீர்வளத் துறை செயற்பொறியாளருக்கும், சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அவர்களுக்கும் போக வேண்டும்.

இனி சுற்றுச்சூழல் அனுமதி. 4.5 லட்சம் சதுர அடி என்பது ஏறக்குறைய 41,800 சதுர மீட்டர். 2006ஆம் ஆண்டு சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் முன் அனுமதி இல்லாமல் கடைக்கால் தோண்டக்கூட முடியாது. அதைக் கொடுப்பது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருப்பார்கள். கட்டடத் திட்டங்களுக்கு அந்த அறிவிக்கை கருத்துக் கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. கூட்டம் நடக்காது. நீங்களாகத்தான் ஆணையத்துக்கு எழுத வேண்டும், அதுவும் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே. சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான பரிவேஷ் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். பரப்பளவு, தண்ணீர்த் தேவை, கழிவுநீர் எங்கே போகும் என்று அவர்களே எழுதிக் கொடுத்த விவரங்களும் கிடைக்கும்.

அனுமதி வழங்கிவிட்டால், எதிர்த்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில், சென்னையில், மேல்முறையீடு செய்யலாம். 30 நாள் கெடு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு மூடிவிடும். உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம்: யார் யார் அங்கே மனுப் போடலாம் என்ற பட்டியலில் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பாயச் சட்டம் உள்ளாட்சி அமைப்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆகவே உரிமை இருக்கிறதா என்ற சண்டை அங்கே வராது. ஆனால் நில உபயோக மாற்றத்தையும் திட்ட அனுமதியையும் தீர்ப்பாயத்தில் கேள்வி கேட்க முடியாது. நகர் ஊரமைப்புச் சட்டம் அதன் வரம்புக்குள் இல்லை. அவற்றுக்கு உயர் நீதிமன்றம்தான். உங்கள் மாவட்டத்தைப் பொறுத்து சென்னை அல்லது மதுரைக் கிளை.

ஆணையர் விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சியின் பெயரில் வழக்குப் போட மன்றத் தீர்மானம் வேண்டும், அதை நடத்த ஆணையர் கையெழுத்தும் வேண்டும். அவர் அரசு ஊழியர். அரசுத் துறை எடுக்கும் முடிவை எதிர்த்து அவர் வழக்குப் போடுவது எவ்வளவு சங்கடம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நீதிமன்றமும் முதலில், "இரண்டு உள்ளாட்சிகளுக்கும் மேலே அரசு இருக்கிறதே, அங்கே கேட்டீர்களா?" என்றுதான் கேட்கும். அதனால் நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும் நகர் ஊரமைப்பு இயக்குநருக்கும் கடிதம் போகட்டும். அதற்கு ஆணையர் மறுப்புச் சொல்ல மாட்டார். வழக்கு என்று வந்தால் அந்தச் சாலையோரம் வசிப்பவர்கள், ஏரிப் பாசன விவசாயிகள் தங்கள் பெயரில் போடட்டும். நீங்களும் வார்டு வாசியாகச் சேரலாம். ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். வியாபாரிகள் சங்கம் பணம் கொடுத்து, வேறு யாரோ பெயரில் பொதுநல வழக்குப் போடுவதை நீதிபதிகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். மனு தள்ளுபடி ஆகும், செலவுத் தொகையும் கட்டச் சொல்வார்கள். பிறகு வரும் உண்மையான மனுவையும் அதே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சியின் பெயரில் மனுப் போட வேண்டாம். அந்த உரிமை குடிமக்களுக்குத்தான், அமைப்புகளுக்கு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடலாம். உங்கள் சொந்தப் பெயரில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: உபயோக மாற்ற விண்ணப்பத்தின் நகல், அதன் மேல் ஒவ்வொரு துறையும் சொன்ன கருத்து, போக்குவரத்து ஆய்வு அறிக்கை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

மாவட்டத் திட்டக் குழுவையும் விடாதீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 243-ZD பிரிவு, உள்ளாட்சிகளுக்குப் பொதுவான விஷயங்களை, குறிப்பாக நில அமைப்புத் திட்டத்தையும் தண்ணீர்ப் பகிர்வையும், அந்தக் குழு கவனிக்கச் சொல்கிறது. அதன் முடிவு யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் அங்கே பதிவான ஆட்சேபனை பின்னால் நீதிமன்றத்தில் நல்ல ஆவணம்.

இவ்வளவும் செய்தாலும் வளாகம் வரலாம். அதையும் மனதில் வைத்துக் கேளுங்கள். முழுத் தடை கிடைக்காத பல இடங்களில் நிபந்தனைகள் கிடைத்திருக்கின்றன: வேறு வழியில் நுழைவாயில், சரக்கு லாரிகள் ஊருக்குள் வர நேரக் கட்டுப்பாடு, மழைநீரை வளாகத்துக்குள்ளேயே தேக்கும் தொட்டி, கால்வாயை அடைக்காமல் விடும் இடைவெளி. கட்டுபவரிடம் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் வசூலிப்பார்கள், அது மாநில நிதிக்குப் போகும். சுமை உங்கள் சாலையில் விழுகிறது என்று நிரூபித்தால், அந்த நிதியிலிருந்து உங்கள் சாலைக்கும் வடிகாலுக்கும் பணம் கேட்பது நியாயமான கோரிக்கை. இதை ஆட்சேபனையிலேயே மாற்றுக் கோரிக்கையாக எழுதிவிடுங்கள்.

சந்தைக்கான வேலை தனி. நீதிமன்றம் அதைக் காப்பாற்றாது, உங்கள் மன்றம் காப்பாற்றலாம். கழிப்பறை, நிழல், வண்டி நிறுத்தும் இடம், கடைகளின் வாடகைப் பாக்கி, ஏலம் போகாமல் கிடக்கும் கடைகள் எல்லாம் உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பவை.

அடுத்த மன்றக் கூட்டத்தில் புதிய தீர்மானம் கொண்டுவாருங்கள். பழையதை ரத்து செய்ய வேண்டியதில்லை. புதியதில் வியாபாரம் என்ற சொல்லே வர வேண்டாம். சாலை, மழைநீர், நில உபயோகம் ஆகிய மூன்றுக்கும் பொறியாளர் அறிக்கையை இணைத்து, ஆட்சேபனை தாக்கல் செய்ய ஆணையருக்கு அதிகாரம் அளித்து நிறைவேற்றுங்கள். கூட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தால் அவசரக் கூட்டம் கேளுங்கள். உபயோக மாற்ற அறிவிப்பு அதற்குள் வந்துவிட்டால், தீர்மானத்துக்குக் காத்திருக்காமல் உங்கள் சொந்தப் பெயரில் ஒரு ஆட்சேபனையை அன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.